சேட்டை என்கிறீர்களே... வலியாக இருந்தால்?

நாடி பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்து, பத்தியமும் சொல்லி முடித்த பிறகும் சிலர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். "இன்னொரு விஷயம் டாக்டர்... கேட்டா சிரிக்கக் கூடாது" என்று இழுப்பார்கள். எனக்குப் புரிந்துவிடும். வீட்டு நாயைப் பற்றியோ, பூனையைப் பற்றியோதான்!

"தங்கமா இருந்துச்சு டாக்டர், இப்ப கிட்டப் போனாலே உறுமுது." "எவ்வளவு நல்லா பழக்கி வெச்சிருந்தோம், இப்ப ஹால்லயே மூத்திரம் போகுது. வேணும்னே பண்ணுது!" "ராத்திரி பூரா கத்துது, பக்கத்து ஃப்ளாட்காரங்க சண்டைக்கு வர்றாங்க." இப்படி ஏதாவது ஒன்று. கடைசியில், "மூலிகைப் பொடி ஏதாவது கொடுங்களேன், சோத்துல கலந்து போட்டுடறோம்" என்ற வேண்டுகோள்.

பொடி நான் கொடுப்பதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். "கால்நடை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று மட்டும் கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில் இதுதான்: "அதுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்... குணம்தானே மாறிப்போச்சு!"

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

சித்த மருத்துவத்தில் நோயை அறிய எட்டு வழிகள் சொல்லியிருக்கிறார்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எண்வகைத் தேர்வு என்று பெயர். இதில் 'மொழி' என்றால் நோயாளி வாயால் சொல்வது மட்டும் இல்லை. குரல் உரத்திருக்கிறதா, கம்மியிருக்கிறதா, பேச்சில் எரிச்சல் தெரிகிறதா என்பதெல்லாம் அதில் சேரும். அப்படியானால் வாயில்லா ஜீவனுக்கு மொழி எது? அது நடந்துகொள்ளும் விதம்தான். 'இடுப்பு வலிக்கிறது' என்று சொல்ல நாய்க்குத் தெரியாது. தொட்டால் உறுமத் தெரியும். அது தன்னால் முடிந்த வரை சொல்லிவிட்டது. நாம்தான் அதைத் திமிர் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஆறு வயது லாப்ரடார். பேரனோடு சேர்ந்து வளர்ந்தது. ஒருநாள் அந்தப் பையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ள, வெடுக்கென்று கையைக் கவ்விவிட்டது. பையனுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, நாயைப் பயிற்சிக்காரர் ஒருவரிடம் அனுப்பினார்கள். "இது வீட்டுக்கே தான்தான் தலைவன்னு நினைக்குது சார், அடக்கி வெக்கணும்" என்று சொல்லி, கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் போட்டுப் பதினைந்து நாள் பழக்கினார் அவர். திரும்பி வந்த நாய் முன்னைவிட மோசம். தலைக்குப் பக்கத்தில் கை போனாலே பல்லைக் காட்டியது. ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, கார் கூடச் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டம்மாதான், "கடைசியா ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாங்க" என்று பிடிவாதம் பிடித்தார்.

கால்நடை மருத்துவர் காதைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு காதும் உள்ளே வெந்து கிடந்தன! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஹோஸ் பைப்பால் குளிப்பாட்டியிருக்கிறார்கள். தொங்கும் காது, உள்ளே ஈரம், போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கம். காளான் கிருமி உள்ளே குடியேறிவிட்டது. கழுத்தைக் கட்டிக்கொண்ட பையனின் கை பட்டது அந்தக் காதில். பிறகு போட்ட இறுக்குச் சங்கிலியும் அதே இடத்தைத்தான் உரசியது. காது சுத்தம், சொட்டு மருந்து, மாத்திரை என்று மூன்று வாரம் ஆனது. கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

விலங்கைப் பட்டினியிலும் தாகத்திலும் கிடந்து வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும். குணம் சரியில்லை என்று தெருவில் விடப்பட்ட நாய்களில் எத்தனைக்குக் காது வலித்ததோ, எத்தனைக்குப் பல் வலித்ததோ!

இது அபூர்வமான கேஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸ், விலங்கு நடத்தைக்கே மருத்துவம் பார்ப்பவர். அவரும் அவருடைய சகாக்களும் தங்களிடம் அனுப்பப்பட்ட நாய் பூனைகளின் கேஸ்களை அலசி 2020-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நடத்தை சரியில்லை என்று வந்தவற்றில், குறைத்துக் கணக்கிட்டாலே மூன்றில் ஒரு பங்குக்கு உடம்பில் வலி தரும் கோளாறு இருந்தது. சில இடங்களில் இது 80 சதவிகிதத்தை நெருங்கக்கூடும் என்றும் எழுதியிருக்கிறார்கள். மூன்றில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். மூன்று 'கெட்ட' நாய்களில் ஒன்று, வலிக்கிற நாய்.

லாப்ரடார், அல்சேஷன் போன்ற பெரிய ஜாதிகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு வரும். நம் வீடுகளிலோ வழுக்கும் டைல்ஸ் தரை. பாவம், எழுந்திருக்கும்போதே பின்னங்கால் விலகிப்போகிறது. 'சோம்பேறி, தின்னுட்டுத் தூங்குது' என்கிறோம். மாடிப்படி ஏற மறுத்தால் அடம் என்கிறோம். குழந்தை முதுகில் ஏறினால் உறுமுகிறது, உடனே 'இதை நம்ப முடியாது' என்கிறோம். நடக்கிற இடத்தில் பழைய ரப்பர் மேட் இரண்டைப் போட்டுப் பாருங்கள். பாதி 'சோம்பேறித்தனம்' அங்கேயே போய்விடும். மீதிக்கு டாக்டர் இருக்கிறார். பல் விஷயமும் இப்படித்தான். பிஸ்கட்டை வாயில் வாங்கிக் கீழே போட்டுவிட்டுப் பால் சோறு மட்டும் சாப்பிடுகிற நாயை 'ருசி கண்டுடுச்சு' என்பார்கள். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருக்கும்.

ஹாலில் மூத்திரம் போவதுதான் நம் வீடுகளில் அதிகமாக அடி வாங்கிக் கொடுக்கும் குற்றம். பழகாத குட்டி போனால் அது வேறு. ஐந்து வருஷம் ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று போகிறது என்றால், தயவுசெய்து கையை ஓங்காதீர்கள். முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். காலையில் கிண்ணத்தில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தைக் கழித்துவிட்டால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 10 கிலோ நாய் நாள் ஒன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், அது நோயின் அறிகுறி. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என்று பல காரணம் இருக்கலாம். நமக்கு வருகிற சர்க்கரை நாய்க்கும் வரும்!

பெண் நாய் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கருத்தடை ஆபரேஷன் செய்யாத நாய், பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் தண்ணீராகக் குடித்து, சோர்ந்து படுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே ஒழுகினால் தெரியும், ஒழுகாமல் உள்ளேயே தங்கினால் தெரியாது. 'வெயிலுக்கு இப்படி இருக்கு' என்று நாலு நாள் தள்ளினால் உயிர் போய்விடும்.

பூனை வேறு ரகம். வலியை மறைப்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. சத்தம் போடாது, ஒளிந்துகொள்ளும். கட்டிலுக்கு அடியில் இரண்டு நாளாகப் படுத்திருக்கிறது என்றால் 'கோவிச்சுக்கிட்டு இருக்கு' என்று கொஞ்சுகிறோம். ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் சொட்டு மூத்திரம்கூட வரவில்லை என்றால், அது மலச்சிக்கல் இல்லை. மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. விளக்கெண்ணெயைத் தேடாதீர்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடும். 'காலையில பார்த்துக்கலாம்' என்பதற்கு இங்கே இடமில்லை.

பூனையின் மூத்திரப் பையில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்று இருக்கிறது. கிருமியும் இல்லாமல், கல்லும் இல்லாமல், பை மட்டும் புண்ணாகி ரத்தமாக மூத்திரம் போகும் நோய் பூனைகளுக்கு உண்டு. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இதைப் பல காலம் ஆராய்ந்தார். மனக்கலக்கம்தான் இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்று கண்டார். வீடு மாறினோம், புதுக் குழந்தை வந்தது, மாதக்கணக்கில் மராமத்து வேலை நடந்தது, இன்னொரு பூனையைக் கொண்டு வந்தோம்... நமக்கு அது சாதாரணம், பூனைக்கு உலகமே புரண்டுவிட்டது. அவர் சொன்ன வைத்தியத்தில் மருந்தைவிட வீட்டு ஏற்பாடுதான் அதிகம். ஒளிந்துகொள்ள ஓர் இடம், ஏறி உட்கார உயரமான ஒரு பலகை, தொந்தரவில்லாத மணல் தட்டு, தினம் கொஞ்ச நேரம் விளையாட்டு. உடம்பு கெட்டால் குணம் மாறும் என்பதோடு கதை முடியவில்லை. மனம் கெட்டால் உடம்பும் கெடும். மனிதனுக்கு இதைச் சொன்னால் தலையாட்டுகிற நாம், பூனைக்கு என்றால் சிரிக்கிறோம்.

நாய்க்கும் இது பொருந்தும். சித்த நூல்கள் பதினான்கு வேகங்களைச் சொல்லி, அவற்றை அடக்கினால் நோய் வரும் என்கின்றன. மலம், சிறுநீர் இரண்டும் அதில் உண்டு. 'ஆபீஸில் அடக்கி வெக்காதீங்கம்மா' என்று நோயாளிகளிடம் நான் தினமும் சொல்கிறேன். அதே அம்மா வீட்டு நாய் காலை ஆறு மணிக்குக் கீழே போனால், மறுபடி போவது இரவு எட்டு மணிக்கு! பதினாலு மணி நேரம் நாலாவது மாடியில் அடக்கி வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத வீட்டில் சோபாவைக் கிழிக்காமல் அது வேறு என்ன செய்யும்? எல்லாச் சேட்டைக்கும் நோய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தனிமை, சங்கிலி, நடை இல்லாமை, இவையும் காரணம்தான். ஆனால் எது நோய், எது தனிமை என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். பயிற்சிக்காரர் அதற்கு அப்புறம்தான். நேற்று வரை இல்லாத பழக்கம் இன்று வந்தால் சந்தேகம் முதலில் உடம்பின் மேல் விழட்டும்.

வயதான நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் எழுந்து கத்தும், மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கும், பகலில் தூங்கும், தெரிந்தவரையே தெரியாததுபோல் பார்க்கும். 'பேய் தெரியுது அதுக்கு' என்று பூசணிக்காய் சுற்றிப்போட்ட வீடு எனக்குத் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற மறதி நோய் போன்ற ஒன்று நாய்க்கும் வரும். கலிஃபோர்னியாவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவிகிதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவிகிதத்துக்கும் இதன் அறிகுறி ஒன்றாவது இருந்தது. காது மந்தமாகியிருக்கலாம், கண்ணில் புரை விழுந்திருக்கலாம், மூட்டு வலித்துத் தூக்கம் கெடலாம். இவற்றில் பலவற்றுக்கு மருந்தும் உண்டு. ராத்திரியில் ஒரு சின்ன விளக்கை எரிய விட்டாலே சில நாய்கள் அடங்கிவிடுகின்றன.

சரி, பொடி விஷயத்துக்கு வருகிறேன். "மூலிகைதானே, பக்க விளைவு இல்லையே!" என்பார்கள். மனிதனுக்கே அது சரியில்லாத பேச்சு, விலங்குக்கு இன்னும் ஆபத்து. வெங்காயமும் பூண்டும் நமக்கு மருந்து. நாய்க்கும் பூனைக்கும் அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை நமக்கு ரத்த விருத்தி, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உண்ணிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் குழைத்துப் பூசுகிறார்கள். அதை நக்கினால் வலிப்பு வரும். ஆங்கில மருந்தும் அப்படியே. காய்ச்சல் என்று நாம் போடும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்று போதும், ஒரு பூனையைக் கொன்றுவிட. அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

"நம்ம முன்னோர்கள் மாட்டுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கலையா?" என்று ஒரு பெரியவர் என்னை மடக்கினார். பார்த்தார்கள். மாட்டு வாகடம் என்று ஏடுகளே இருக்கின்றன. மடிவீக்கத்துக்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவதைத் தேசிய பால்வள வாரியமே இன்று பரப்புகிறது. அது கால்நடை மருத்துவர்கள் சோதித்துப் பார்த்துச் சொன்னது, அதுவும் மாட்டுக்கு. மாடு வேறு, பூனை வேறு. எனக்குப் பாடம் சொன்னவர்கள் மனித உடம்புக்குத்தான் அளவு சொல்லிக் கொடுத்தார்கள். நம்மவர்களிலேயே சிலர் நாய்க்குப் பற்பமும் செந்தூரமும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது வருத்தமாக இருக்கிறது. தெரியாத உடம்பில் கை வைப்பது வைத்தியம் ஆகாது.

இதுவரை சொன்னதெல்லாம் விலங்கின் உயிர். இனிச் சொல்வது உங்கள் உயிர். குணம் மாறுவதற்குள் ஒளிந்திருக்கும் மிகக் கொடிய காரணம் வெறிநோய். வெறிநோய் என்றதும் ஓடி ஓடிக் கடிக்கும் நாய்தான் நினைவுக்கு வரும். எப்போதும் அப்படி இல்லை. துருதுரு நாய் இருட்டில் போய் ஒடுங்கும். கோபக்கார நாய் திடீரென்று அளவுக்கு மீறிக் குழையும். குரல் மாறும். தாடை தொங்கி எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது. 'தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல' என்று வாய்க்குள் கையை விடுகிறோமே, அதைவிட ஆபத்து வேறில்லை! அப்படிப்பட்ட நாயைத் தொடாமல் ஓர் அறையில் அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி தவறாமல் மறு ஊசி. இதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

நாய் கடித்தாலோ, நகம் கீறினாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். நாயைப் 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள். அதற்காக ஊசியை 10 நாள் தள்ளிப்போடக் கூடாது, முதல் ஊசி அன்றைக்கே. வெறிநோய் அறிகுறி வந்துவிட்ட பிறகு காப்பாற்ற எங்கள் சித்த மருத்துவத்திலும் மருந்து கிடையாது, எந்த மருத்துவத்திலும் கிடையாது. 'நாய்க்கடிக்குப் பச்சிலை கொடுக்கிறேன்' என்று யார் சொன்னாலும், என்னைப் போல் பட்டம் வாங்கிய வைத்தியரே சொன்னாலும், நம்பாதீர்கள்.

கால்நடை டாக்டர் என்றாலே ஆயிரக்கணக்கில் செலவு என்ற பயம் நடுத்தரக் குடும்பங்களில் இருக்கிறது. தனியார் கிளினிக்கில் செலவு ஆகும்தான். 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. அங்கே மாட்டுக்கு மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாமலேயே இருப்பவர்கள் ஏராளம்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். டாக்டர் மேஜையில் ஏற்றியதும் பயத்தில் நாய் சமர்த்தாக நின்றுவிடும், நொண்டிக்கொண்டிருந்த கால் நொண்டாது! வீட்டில் அது நொண்டுவதை, உறுமுவதை, முக்குவதைச் செல்போனில் அரை நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, எந்த இடத்தைத் தொட்டால் சீறுகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை தடவை மூத்திரம், மலம் எப்படி, கடைசியாகப் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் எப்போது, நீங்களாக என்ன கொடுத்தீர்கள், இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் நாயோடு அதிக நேரம் இருப்பவர் யாரோ, பாட்டியோ, வேலைக்கார அம்மாவோ, அவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். பாதி விவரம் அவரிடம்தான் இருக்கும்.